கல்லூரிக்கும் அடக்க விலை பாருங்கள்



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்கிறோம். பல்லில் கடித்து ஈரம் இருக்கிறதா என்று சோதிக்கிறோம். நாலு மண்டியில் விலை கேட்கிறோம். லாரி வாடகை, இறக்குக் கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்கம் என்ன விழும் என்று மனக்கணக்கிலேயே போட்டுவிடுகிறோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் சரக்கை எடுக்கத் தயங்குகிறோம்.

அதே நாம், பிள்ளையின் கல்லூரி என்று வந்துவிட்டால் இந்தச் சாமர்த்தியத்தை எல்லாம் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். வண்ண நோட்டீசையும், பெரிய நுழைவாயிலையும், வாசலில் வரிசையாக நிற்கும் பஸ்களையும் பார்த்து மயங்கி, கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். நாலு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்ப்பதில்லை. அதே படிப்பு பக்கத்து ஊரில் என்ன விலை என்று விசாரிப்பதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கல்லூரியில் போடுவதையும் அளந்துதான் போட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. மளிகைக் கடை வருமானம் தாங்கக்கூடிய விலையில் நல்ல படிப்பு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வெளி மாநிலம் போக வேண்டியதில்லை. கடையின் முதலை உருவிக் கட்டணம் கட்டுவது கடைசி வழியாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அதுவே முதல் வழியாக இருக்கிறது. அதுதான் கவலை.

முதலில் கை வைத்தால் என்ன ஆகும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கடையில் சுற்றிக்கொண்டிருக்கும் முதலில் இருந்து மூன்று லட்சம் ரூபாயை எடுத்து நன்கொடையாகக் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் மாதம் ஒரு முறை சரக்காகிப் பணமாகித் திரும்பி வருகிறது. எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டு ரூபாய்தான் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். மாதம் 6,000; வருடம் 72,000; நாலு வருடத்தில் 2,88,000 ரூபாய். ஆக, போனது மூன்று லட்சம் அல்ல. ஏறத்தாழ ஆறு லட்சம்.

இதோடு நிற்பதில்லை. முதல் குறைந்தவுடன் ரொக்கக் கொள்முதல் போய்க் கடன் கொள்முதல் வருகிறது. ரொக்கத்துக்குக் கிடைத்த தள்ளுபடி போகிறது. மண்டிக்காரர் பாக்கி கேட்கிறார். அலமாரியில் சரக்கு குறைகிறது. ஒரு பொருள் இல்லை என்று இரண்டு தடவை சொன்னால் மூன்றாம் தடவை வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டுவரும் கம்பெனிகளோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கும் காலம் இது. இந்த நேரத்தில் கடையின் முதல் குறையலாமா? அவசரத்துக்குத் தண்டல் வாங்கிக் கல்லூரிக்குக் கட்டியவர்களின் கதை நம் எல்லாக் கடைவீதிகளிலும் உண்டு. பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வரும்போது அப்பா கடையை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

இதைச் சொல்லிப் படிப்பே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. படிக்கத்தான் வேண்டும். மகனைப் போலவே மகளும் படிக்க வேண்டும். ஆனால் படிப்பு கிடைக்கும் இடங்களில் நியாய விலைக் கடை எது, தெரிந்தவன் போகும் மொத்தக் கடை எது, அலங்காரத்துக்கு விலை வைக்கும் கடை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரக்கு எங்கே இருக்கிறது?

முதலில் கலை அறிவியல் படிப்புகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் மட்டும் 160-க்கு மேல் இருக்கின்றன. 1840-இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரியும், 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியும், 1914-இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியும் இந்த வரிசையில் உள்ளவைதான். இவற்றில் வருடக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை. விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி மே மாதத்தில் தேதி அறிவிப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போய்விடும்.

அடுத்து அரசு உதவி பெறும் கல்லூரிகள். தனியார் அறக்கட்டளை நடத்தும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கும். அதனால் கட்டணமும் குறைவு. திருச்சி புனித வளனார், மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை பச்சையப்பன், விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி எல்லாம் இந்த வகை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கல்லூரியில், ஒரே வாசலுக்குள், இரண்டு விலை உண்டு. அரசு உதவி பெறும் பிரிவில் பி.காம். ஒரு கட்டணம்; சுயநிதிப் பிரிவில் அதே பி.காம். வேறு கட்டணம். இரண்டுக்கும் வித்தியாசம் பல மடங்கு இருக்கும். பட்டத்தில் வித்தியாசம் கிடையாது. கல்லூரியின் பெயரை மட்டும் சொல்லி விண்ணப்பம் கேட்டால் எந்தப் பிரிவு என்று நாம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை என்று போய்விடும். "உதவி பெறும் பிரிவில் எத்தனை இடம், கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதுதான் அலுவலகத்தில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பொறியியலிலும் இப்படியே. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனம், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி மூன்றும் பெயர் பெற்றவை. இந்த மூன்றிலும் அரசு உதவி பெறும் பாடப்பிரிவுகள் இருக்கின்றன. கிண்டியில் 1794-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இரண்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள். கோவை, சேலம், திருநெல்வேலி, காரைக்குடி, பர்கூர், வேலூர் ஆகிய ஊர்களில் அரசு பொறியியல் கல்லூரிகள் உள்ளன. திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, பட்டுக்கோட்டை, இராமநாதபுரம், நாகர்கோவில் போன்ற ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. இவை எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் திறந்து வைக்கப்பட்டவை.

கலந்தாய்வு என்பது ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்

விளைபொருளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் எதற்கு வந்தது? விற்பவனும் வாங்குபவனும் நேருக்கு நேர் பார்க்க, எடை சரியாக இருக்க, தரகு குறைய. பொறியியல் சேர்க்கைக்குக் கலந்தாய்வும் அப்படித்தான் வந்தது. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997-இல் வந்தது. நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. 2018 முதல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

கணக்கு எளிது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200-க்கு எத்தனை என்று பார்த்துத் தரவரிசை போடுகிறார்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் முடிந்தது என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. சந்தை நிலவரம் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் படிப்பது பெரிய வித்தையல்ல.

சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கு 65 இடத்தையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 இடத்தையும் கலந்தாய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். மீதிதான் நிர்வாக ஒதுக்கீடு, நம் பேச்சில் மேனேஜ்மென்ட் கோட்டா. கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்த கணக்கைப் பாருங்கள். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கலந்தாய்வில் வந்தால் வருடத்துக்கு 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். நாலு வருடத்துக்கு ஒன்று 2,20,000, மற்றது 3,48,000.

இதில் முதல் பட்டதாரிச் சலுகையையும் சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், கலந்தாய்வில் வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டம் 2010-இல் தொடங்கியது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இது வருடத்துக்கு 25,000 ரூபாய். அப்போது 55,000 என்பது 30,000 ஆகிறது. நாலு வருடத்துக்கு 1,20,000. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இந்தச் சலுகை கிடையாது. ஆக, ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குள் 2,28,000 ரூபாய் வித்தியாசம். ரசீது இல்லாமல் வாங்கும் நன்கொடை இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்தந்த வருடத் தொகையைக் கலந்தாய்வுக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொகை மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் வந்தது. இதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள். "ஐயோ, அரசுப் பள்ளியா?" என்று முகம் சுளித்த நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வேறு வகை. அவை இந்தக் கலந்தாய்வில் இல்லை. மாநிலக் கட்டணக் குழுவுக்கும் அவை கட்டுப்பட்டவை அல்ல. அங்கே விலை அவர்கள் வைப்பதுதான். நல்லவையும் இருக்கலாம். ஆனால் விலைப்பட்டியல் இல்லாத கடைக்குள் போகிறோம் என்பது தெரிந்தே போக வேண்டும்.

ரிசல்ட்டுக்கு முன்னால் சீட்டா?

இப்போது நடப்பது என்ன? பிப்ரவரி, மார்ச் மாதத்திலேயே தரகர்கள் போன் செய்கிறார்கள். பிள்ளை இன்னும் பரீட்சைகூட எழுதவில்லை. "இப்போது ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் சயன்ஸ் உறுதி; மே மாதம் வந்தால் கிடைக்காது" என்கிறார்கள். இது நமக்குத் தெரியாத வித்தையா? "சரக்கு தட்டுப்பாடு, நாளைக்கு விலை ஏறும்" என்று மண்டியில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! மிளகாய் வற்றல் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கு மசியாதவர், பிள்ளை விஷயத்தில் மசிந்துவிடுகிறார். காரணம் பயம். பிள்ளைக்குச் சீட்டு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் அவர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

உண்மை நிலை என்ன? பொறியியல் கலந்தாய்வு முடிந்த பிறகு பல தனியார் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடப்பது பல வருடமாக நாம் பத்திரிகையில் படிக்கும் செய்தி. தட்டுப்பாடு சில கல்லூரிகளில், சில பிரிவுகளில் மட்டும்தான். அந்தச் சில கல்லூரிகள் தரகர் வைத்து ஆள் பிடிப்பதில்லை. தரகர் தேடி வந்து விற்கும் சீட்டு எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. பில் இல்லாமல் சரக்கு எடுத்தால் நம்மை வரி அதிகாரி விடுவாரா? ரசீது இல்லாமல் லட்சங்களைக் கொடுக்க நாம் மட்டும் எப்படிச் சம்மதிக்கிறோம்? எந்தப் பணம் கட்டினாலும் கல்லூரியின் பெயரில், வங்கி வழியாக, ரசீதோடு கட்டுங்கள். சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் அசல் சான்றிதழைத் தரமாட்டேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும், விலகும் மாணவருக்கு உரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. ஆனால் ரசீது இருப்பவன்தான் திருப்பிக் கேட்க முடியும்.

மாதிரி பார்ப்பது எப்படி?

மலிவு என்பதற்காகப் புழுத்த அரிசியை வாங்க முடியாது. விலையோடு தரமும் பார்க்க வேண்டும். கட்டடம் தரம் அல்ல, அது சாக்கு. உள்ளே இருக்கும் சரக்கைப் பார்க்கும் வழிகள் சில உண்டு.

முதலாவது, தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகம் தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சிப் பட்டியலை வெளியிடுகிறது. நூறு பேர் எழுதி இருபது பேர் தேறும் கல்லூரியில் இலவசமாகச் சேர்த்தாலும் நஷ்டம்தான். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு வைப்பதால் அவற்றை இந்த ஒரு அளவுகோலால் ஒப்பிட முடியாது. அங்கே படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அங்கீகாரம். கல்லூரிக்கு நாக் தரச்சான்று, பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று கேளுங்கள். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்ப்பது போல அதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வேலை வாய்ப்பு. நோட்டீசில் உள்ள பெரிய சம்பளத்தை நம்ப வேண்டாம். அது ஒரு பிள்ளைக்குக் கிடைத்ததாக இருக்கும். "இந்தப் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் முடித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுவில் இருப்பவனுக்கு என்ன சம்பளம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

நான்காவது, மொத்த அடக்கம். கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். விடுதி, சாப்பாடு, பஸ், சீருடை, தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, படிப்புக் காலம் முழுவதற்கும் கூட்டிப் பாருங்கள். சில இடங்களில் கல்விக் கட்டணம் குறைவாக இருக்கும். விடுதியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லி மற்றதை அதில் எடுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல கல்லூரி இருந்தால் அடக்கம் பாதியாகக் குறையும். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மகளை உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்தவர்களுக்கு இது கண்கூடான மிச்சம்.

சிலர் சொல்லும் மறுப்பு

"அரசுக் கல்லூரியில் வாத்தியார் இல்லை" என்பார்கள். பல இடங்களில் நிரந்தரப் பேராசிரியர் குறைவு. கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்பு நடக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. நம் வரிப் பணத்தில் நடக்கும் கல்லூரி இது. காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கடைக்கு வரி உயர்ந்தால் ஷட்டரை இறக்கி மறியல் செய்கிறோம். உள்ளூர் அரசுக் கல்லூரிக்கு வாத்தியார் வேண்டும் என்று நம் சங்கம் எப்போதாவது ஒரு மனு கொடுத்திருக்கிறதா?

"நம் பிள்ளை மார்க்கு குறைவு, காசு கொடுத்தால்தான் பொறியியல்" என்பார்கள். மார்க்கு குறைந்த பிள்ளையைப் பணம் கொடுத்துப் பொறியியலில் தள்ளினால் அரியரில்தான் நிற்பான். அவனுக்கு வேறு வழி உண்டு. அரசு பாலிடெக்னிக்கில் பத்தாம் வகுப்பு முடித்தவர் மூன்று வருடத்தில் டிப்ளமோ வாங்கலாம். பிளஸ் டூ முடித்தவர் தகுதி இருந்தால் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்து நன்றாக வந்தால் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். செலவும் குறைவு, கைத்தொழிலும் வந்துவிடும்.

"பி.காம். எல்லாம் ஒரு படிப்பா?" என்பார்கள். நம் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் ஆடிட்டர் என்ன படித்தார்? பிளஸ் டூ முடித்தவுடன் சி.ஏ. அடிப்படைத் தேர்வுக்குப் பதியலாம். 2023-இல் வந்த புதிய முறையில் நேரடிப் பயிற்சிக் காலம் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. கடினமான படிப்புதான். ஆனால் கட்டணத்தால் யாரையும் வெளியே தள்ளும் படிப்பு அல்ல. கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு வரவு செலவு புதிதா என்ன?

"ஊர் என்ன சொல்லும்?" என்பது கடைசி மறுப்பு. ஊர் நம் கடை பாக்கியைக் கட்டாது. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

இத்தனைக்குப் பிறகும் பணம் போதவில்லையா? கடை முதலைத் தொடும் முன், தண்டல்காரரிடம் போகும் முன், வங்கிக்குப் போங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் 2009 முதல் வந்தது.

வங்கி மேலாளர் வருமானச் சான்று கேட்பார். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல், பணமாகவே வாங்கிப் பணமாகவே கொடுத்து இருபது வருடம் கடை நடத்தியவரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போதே கணக்கை ஒழுங்குபடுத்துங்கள். வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கணக்கைத் தாக்கல் செய்து வையுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியும்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

தனி மனிதராக ஒவ்வொருவரும் விசாரித்துக்கொண்டிருந்தால் போதாது. படிப்புக்கு வழி காட்டுவது வணிகர்களுக்குப் புதிய வேலையும் அல்ல. விருதுநகரில் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அந்தப் பணத்தில் 1889-இல் க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதே ஊரில் 1947-இல் கல்லூரி வந்தது. 1794-இல் மறைந்த துபாஷி பச்சையப்பரின் அறப்பணத்தில்தான் 1842-இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார், காரைக்குடியில் அழகப்பச் செட்டியார், திருச்சியில் ஜமால் முகமது சாகிப்பும் காஜாமியான் ராவுத்தரும் கொடுத்த பணத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வியாபாரத்தில் சம்பாதித்ததைப் படிப்பு கொடுக்கச் செலவிட்ட பரம்பரை நம்முடையது. இன்று படிப்பை விலைக்கு வாங்கிக் கடையைத் தொலைக்கிறோம் என்றால் வெட்கமாக இல்லையா?

ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் நான்கு காரியங்களைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று: ஏப்ரல் முதல் ஜூலை வரை சங்கக் கட்டடத்தில் மாலை நேர உதவி மேசை. ஒரு கம்ப்யூட்டர், கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் போதும். விண்ணப்பம் போட, தேதி பார்க்க, விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த அவர்கள் உதவுவார்கள். விருப்பப் பட்டியலைத் தப்பாக வரிசைப்படுத்தி நல்ல இடத்தை இழக்கும் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு.

இரண்டு: நம் மாவட்டத்துக் கல்லூரிகளின் விலைப்பட்டியல். அரசு, உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று பிரித்து, கட்டணம், விடுதி, தேர்ச்சி ஆகியவற்றை அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேட்டு எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வெங்காய விலை ஒட்டும் பலகையில் இதற்கும் இடம் இருக்கிறது.

மூன்று: மகமைக் கல்வி நிதி. மூட்டைக்கு ஒரு சிறு தொகை என்று எடுத்தாலும் வருடத்தில் சேர்ந்துவிடும். இதை நன்கொடையாகக் கொடுக்க வேண்டாம். வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். படித்து வேலைக்குப் போன பிள்ளை திருப்பித் தரும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். சிறிய கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும், கடையில் வேலை செய்யும் பையனின் தங்கைக்கும் இதில் இடம் இருக்க வேண்டும்.

நான்கு: தரகர்களுக்குச் சங்கத்தின் கதவு அடைக்கப்பட வேண்டும். ஆண்டு மலருக்குக் கல்லூரி விளம்பரம் வருகிறது; வரட்டும், அச்சுக் கூலிக்கு உதவும். ஆனால் சங்கக் கூட்டத்தில் மேசை போட்டு அட்வான்ஸ் வாங்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. நிர்வாகிகள் யாரும் கமிஷனுக்காக எந்தக் கல்லூரிக்கும் ஆள் சேர்த்துவிடக் கூடாது. சிலர் மனம் வருந்தலாம். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பெயரை நம்பித்தான் உறுப்பினர் பணம் கட்டுகிறார்.

வரும் பிப்ரவரிக்கு முன் நடக்கும் செயற்குழுக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவரும்படி ஒவ்வொரு கிளையையும் கேட்டுக்கொள்கிறேன். பணம் அதிகம் தேவைப்படாத காரியங்கள்தான் இவற்றில் முக்கால்வாசி. இந்த வருடம் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுப்பதிலிருந்தே தொடங்கலாம். தரகர் அந்தக் கணக்கை ஏற்கெனவே எடுத்துவிட்டார். நாம் இன்னும் எடுக்கவில்லை.